பென்னியின் போல்ட் ஏலம் போன ஞாயிறு

பனியன் துணி இருந்தது. அதில் சுற்றி வைத்திருந்த போல்ட்டைத்தான் காணோம்.

பென்னி துணியை உதறினான். உதறினால் விழுகிற சாமானா அது? கால்மேல் விழுந்தால் கால் போய்விடும், அத்தனை கனம். கட்டிலுக்கு அடியில் பார்த்தான். டிவிக்குப் பின்னால் பார்த்தான். அரிசி டின்னுக்குள் அது ஏன் போகப்போகிறது என்று தெரிந்தும் அதிலும் கைவிட்டுத் துழாவினான். இப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வந்ததால் கழுத்தெல்லாம் அரிப்பு வேறு.

நாளைக் காலை இன்டர்வியூ.

பென்னி ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் டெக்னாலஜி கடைசி வருஷம் படிக்கிறான். சேர்ந்தால் தொழிற்சாலை வேலை நிச்சயம் என்று பஸ்ஸின் முதுகிலெல்லாம் விளம்பரம் ஒட்டுகிற கல்லூரி. முதல் வருஷம் அரம் போட்டு இரும்பைத் தேய்த்தே போயிற்று. இரண்டாம் வருஷம் லேத் மிஷின் முன்னால் வரிசையில் நின்றே போயிற்று. இப்போதுதான் ஒருவழியாக அந்த 'நிச்சயம்' வந்து சேர்ந்திருக்கிறது. புனேயிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது. மார்க்கை அப்புறம் பார்ப்பார்களாம். ஒவ்வொரு பையனும் தன் கையாலேயே செய்த ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

பென்னி செய்தது ஒரு போல்ட்டும் அதற்கொரு நட்டும். சிரிக்கக் கூடாது. இது கடையில் எடை போட்டு விற்கிற போல்ட் இல்லை. ஒரு சாண் நீளம், மணிக்கட்டுத் தடிமன். செங்குத்தாக நிறுத்தி, நட்டை மேல்முனையில் வைத்து ஒரு சுண்டு சுண்டினால் போதும், மரையைப் பிடித்துக்கொண்டு தானாகச் சுழன்று சுழன்று, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக அடிவரை இறங்கும். மரையை ஒரு முடி அளவு அதிகம் சீவினால் நட்டு தொளதொளவென்று ஆடும். ஒரு முடி அளவு குறைந்தால் பாதி வழியில் நின்றுவிடும். இது கைக்கு வருவதற்குள் பென்னி பாழாக்கிய இரும்பைச் சேர்த்து வைத்திருந்தால் வீட்டுக்கு ஒரு இரும்புக் கதவே செய்திருக்கலாம். லேப் ஆசிரியர் சிட்டிபாபு யாரையும் பாராட்டுகிற ஜாதி இல்லை. அவரே சுண்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

அந்த 'ம்'மை வீட்டில் காட்டத்தான் சனிக்கிழமை அதைச் சித்தூருக்கு எடுத்துவந்தான். அம்மா ஜெபமணி முத்தம் கொடுத்தாள், போல்ட்டுக்கு. அப்பா ஏசுரத்தினம் வாங்கிச் சுண்டிப் பார்த்தார். மறுபடி சுண்டினார்.

"இதப் பாத்தா ஒடனே புனேக்கு இஸ்துகினு போயிருவாங்களா?"

"கண்டிப்பா, நைனா."

"ஓ" என்றார் ஏசுரத்தினம். கொஞ்சம் பொறுத்து, "அங்க சப்பாத்திதானாமே?" என்றார்.

ஞாயிறு காலை அவரேதான், "கோயிலுக்கு நாங்க போறோம்டா. நீ போயி நல்லா முடி வெட்டிக்கினு வா, நாளைக்கி மூஞ்சி லட்சணமா இருக்கணும்" என்று அனுப்பி வைத்தார். லட்சணமான மூஞ்சி வந்தாயிற்று. போல்ட்தான் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ஜெபமணி உள்ளே வந்தாள். கையில் ஒரு பூசணிக்காய், முகத்தில் பரலோகக் களை. பூசணியைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கட்டிக்கொண்டாள்.

"என் கண்ணே! வாயத் தொறக்காமயே சாட்சி சொல்லிட்டியேடா!"

"இன்னாம்மா சாட்சி?"

"முதற்பலன் குடுத்தியே! 'பென்னி தன் கையால செஞ்ச பொருளு'ன்னு ஆரோன் ஏலத்துல கூவுறான், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சி. பாஸ்டரம்மா என் கையப் புடிச்சிக்கினு விடவேயில்ல."

பென்னி பனியன் துணியைக் கீழே போட்டான்.

அன்று அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதலாவது கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அந்தச் சபையில் பாட்டன் காலத்து வழக்கம். நெல் விளைந்தவர்கள் நெல் கொண்டுவருவார்கள், கோழி வளர்ப்பவர்கள் கோழி. வயலும் கோழியும் இல்லாதவர்கள் ஒரு கேக்காவது சுட்டுக்கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். கரும்பும் வாழைத்தாரும் ஏலம் போன கோயில்தான். போல்ட் ஏலம் போனது அதன் சரித்திரத்தில் இதுவே முதல் தடவை.

"நான் குடுக்கலம்மா!"

"பின்ன யாரு குடுத்தாங்களாம்?"

"நீதான்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். ஏசுரத்தினம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேன் ஓட்டுபவர். அதிர்ந்து பேசாத மனுஷன். "காலைல கரெண்டு இல்ல. கண்ணாடி போடாம கூடைல காய் அடுக்கினியே, கத்திரிக்காயின்னு நெனச்சி அதையும் எடுத்துப் போட்டிருப்ப."

"கத்திரிக்காய் அவ்ளோ கனமாவா இருக்கும்?"

"காணிக்கைன்னு தூக்கறப்போ கனம் எங்க தெரியும்?"

ஜெபமணி யோசித்தாள். தூக்கும்போது கனம் தெரியவில்லை என்பது உண்மைதான். "யாரு போட்டா இன்னா, கர்த்தருக்குப் போனது போனதுதான்" என்று முடித்துவிட்டாள். "குடுத்ததுல கை வெச்சவங்கதான் அனனியாவும் சப்பீராளும். அவங்களுக்கு இன்னா ஆச்சி?"

"செத்துட்டாங்க."

"அதான்."

"அது இல்லாம நாளைக்கிப் போனா நானும் செத்தேம்மா!" பென்னிக்குக் குரல் உடைந்துவிட்டது. "இந்தக் கம்பெனி இனிமே அடுத்த வருஷந்தான் வரும். பசங்க எல்லாம் வேலைக்குப் போவாங்க, நான் இங்க பஞ்சர் ஒட்டிக்கினு இருக்கணும். மூணு வருஷமா கையெல்லாம் கொப்புளம் வாங்கினது அதுக்கா?"

ஜெபமணியின் முகத்திலிருந்து பரலோகம் இறங்கியது. பூசணிக்காயைப் பார்த்தாள். ஏசுரத்தினம் மகன் தோளில் கை வைத்தார்.

"நான் எதுக்குடா கீறேன்? வா, எடுத்தவங்கள புடிச்சிருவோம்."

இருவரும் பைக்கில் கோயிலுக்குப் போனார்கள். மணி அடிப்பது, மேசை போடுவது, ஏலம் கூவுவது எல்லாம் ஆரோன்தான். பென்னி இறங்கப் போனான்.

"நீ வண்டியப் பாத்துக்க. பெரியவங்க பேசிக்கிறோம்" என்று அப்பா மட்டும் உள்ளே போனார். திரும்பி வரும்போது முகத்தில் வருத்தம்.

"கொஞ்சம் சிக்கல்டா. போல்ட்ட எடுத்தவரு ராமகுப்பம் பாலையா. பட்டுப்புழு வளக்கறவரு, தங்கச்சி வூட்டுக்கு வந்தாராம்."

"நட்டு?"

"நட்ட எடுத்தது அலிபிரி வெங்கடலட்சுமி. உங்கம்மாகூடப் படிச்சிச்சே, டிபன் கடை."

"இன்னா நைனா சொல்ற? பிரிச்சா வித்தாங்க?"

"வாழைத்தாரையே சீப்பு சீப்பாத்தான விக்கறாங்க" என்றார் ஏசுரத்தினம்.

ராமகுப்பம் மேற்கே, குப்பத்துப் பக்கம். அலிபிரி கிழக்கே, திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் புறப்படும் அடிவாரம். நடுவில் சித்தூரில் பென்னி, ஒரு பனியன் துணியோடு.

"பாலையா இன்னும் பஸ்ஸு ஏறியிருக்க மாட்டாரு. சீக்கிரம் நைனா!"

பஸ் ஸ்டாண்டில் குப்பம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பென்னி ஓடப் போனான். ஏசுரத்தினம் அவன் கையைப் பிடித்தார்.

"ஓடற பஸ்ஸுல ஏறி உழுந்து வெச்சா நாளைக்கி எப்பிடிப் போவ? கூட்டம் குறையட்டும். ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

டீ வந்தது. அது ஆறுவதற்குள் பஸ் போய்விட்டது.

"அடடா" என்றார் ஏசுரத்தினம், உண்மையான வருத்தத்தோடு. டீ நன்றாக இருந்தது.

இனி அப்பாவை நம்பிப் பயனில்லை என்று பென்னி சாவியைப் பிடுங்கி அவனே வண்டியை எடுத்தான். பங்காருப்பாளையம் தாண்டித்தான் பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது. குறுக்கே போய் நிறுத்தி, இரண்டு கையையும் ஆட்டினான். டிரைவர் ஏதோ விபத்து என்று நினைத்து நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும், போல்ட்டுக்காகவா பஸ்ஸை நிறுத்துவது என்று கண்டக்டருக்கு உச்சந்தலையில் ஏறியது.

"ஏமய்யா! போல்ட் கோசம் பஸ் ஆபுதாரா?"

பாலையா மூன்றாவது சீட்டில் இருந்தார். மஞ்சள் பையை மடியில் வைத்து, சாமி படத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் எப்பிடிப்பா திருப்பித் தர்றது? உங்க சாமிக்கு வெச்சத ஏலத்துல எடுத்துகினு வந்துகிறேன். புழு ஷெட்டுக் கதவுக்குப் போட்டா நல்லதுன்னு எடுத்தேன். சாமி பொருளு. திருப்பிக் குடுத்தா குத்தமாயிடாதா?"

"குத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான் பென்னி. "நீயே சொல்லு, நைனா."

ஏசுரத்தினம் தலையைச் சொறிந்தார். "அவரு சொல்றதும் நாயந்தானடா."

"நைனா!"

"இல்ல, பொதுவாச் சொன்னேன்."

நல்ல வேளை, பஸ்ஸில் பெண்கள் இருந்தார்கள். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள், "பாவம்யா, புள்ளைக்கி உத்தியோகம். குடுத்துத் தொலையேன்" என்றாள். இன்னொருத்தி, "உங்க புழுவுக்கு வேற தாப்பா கெடைக்காதா?" என்றாள். கண்டக்டர் விசில் ஊதினார். கடைசியில், அதைவிட நல்ல தாழ்ப்பாள் ஒன்று செய்து ராமகுப்பத்துக்கே கொண்டுவந்து மாட்டித் தருவதாக பென்னி வாக்குக் கொடுத்த பிறகு பாலையா பையைத் திறந்தார்.

போல்ட் வந்தது. ஆனால் அதன் உச்சியிலிருந்து அடிவரை மஞ்சளும் குங்குமமும்.

"இரும்பு புதுசா எடுத்தா பொட்டு வெக்காம வூட்டுக்குள்ள கொண்டாரக்கூடாது" என்றார் பாலையா. அவர் பொட்டோடு நிறுத்தவில்லை, தங்கச்சி வீட்டிலேயே எண்ணெயில் குழைத்து அபிஷேகமே செய்திருந்தார். மரையின் பள்ளமெல்லாம் சிவப்பு அப்பியிருந்தது.

"இருக்கட்டும். மண்ணெண்ணெய் போட்டு பிரஷ்ல மெதுவாத் தேச்சா போயிரும்" என்றான் பென்னி. போல்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். பாதி வந்துவிட்டதே!

திரும்பும் வழியில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினார்கள். பென்னி முகம் கழுவப் போனான். தண்ணீர் சில்லென்று இருந்தது, இரண்டு வாரி அதிகமாக அடித்துக்கொண்டான். திரும்பி வந்தபோது ஏசுரத்தினம் ஸ்டூலில் உட்கார்ந்து, பஞ்சர்க்காரரிடம் வாங்கிய உப்புத்தாளைக் கயிறுபோல் முறுக்கி, மரையின் பள்ளத்துக்குள் விட்டு, பல் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா! வேணாம்!"

"எதுக்குடா கத்துற? பாரு, எப்பிடி ஜொலிக்குது!"

ஜொலித்தது. குங்குமமும் இல்லை, மஞ்சளும் இல்லை. பென்னி மாதக்கணக்கில் முடி அளவு முடி அளவாகப் பார்த்து நிறுத்தி வைத்த அளவும் இல்லை. உப்புத்தாள் இரும்பை அரித்து எடுத்திருந்தது. பென்னி போல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பாவம், அவருக்கு என்ன தெரியும்? பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டார்.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டார் ஏசுரத்தினம்.

"கெட்டுப்போச்சு, நைனா."

"அப்ப நாளைக்கிப் போக வேணாமா?"

"போவேன். நட்டு வரட்டும், போட்டுப் பாப்போம்" என்றான் பென்னி.

ஏசுரத்தினம் வெகுநேரம் உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அலிபிரி காலேஜிக்குப் போற வழிதான, நட்ட காலைல வாங்கிக்கலாம்" என்று வீட்டுக்கு அழைத்துப்போனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் போகிறேன் என்று பென்னி எவ்வளவோ சொன்னான். அப்பா கேட்கவில்லை. "இந்த நேரத்துல உன்னத் தனியா வுட்ருவேனா?" என்று லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். ஜெபமணி இருவர் தலையிலும் கை வைத்து நீளமாக ஒரு ஜெபம் செய்தாள். அதில் அனனியாவைப் பற்றிய பேச்சே இல்லை.

சந்திரகிரிக்குச் சற்று முன்னால் வண்டி இருமியது, விக்கியது, நின்றது. பெட்ரோல் இல்லை.

"ஆயுசு முழுக்க வண்டி ஓட்டுறவரு நீ! பெட்ரோல் பாக்க மாட்டியா, நைனா?"

"கம்பெனி வண்டின்னா அவங்க போட்டு வெச்சிருப்பாங்கடா. பழக்கதோஷம்."

பங்க் வரை தள்ளினார்கள். பென்னி தள்ளினான், ஏசுரத்தினம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அலிபிரிக்குப் போனால் அங்கே மலையேறுகிற கூட்டம். வெங்கடலட்சுமியின் கடையில் இலை போட இடமில்லை. உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நான்கு கால்களில் ஒன்றுக்கு அடியில், முட்டுக் கொடுத்தபடி, பென்னியின் நட்டு.

"அய்யய்யோ, அத்த எடுக்காத பாபு!" வெங்கடலட்சுமி பதறினாள். "என் கிரைண்டர் எத்தினி நாளா ஆடிகினு கெடந்திச்சி தெரியுமா? உங்க கோயில் இரும்பு வெச்சதுலேந்து ஆடாம அசங்காம ஓடுது. மாவு ஆட்டி முடியட்டும், எடுத்துக்க."

"எப்ப முடியும், அத்தே?"

"பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்."

இன்டர்வியூ பத்து மணிக்கு.

"ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஏசுரத்தினம் ஒரு பெஞ்சில் இடம் பிடித்தார். "வந்தது வந்தோம், ரெண்டு பெசரட்டு துன்னுட்டு யோசிப்போம்."

பென்னி யோசிக்கவில்லை. கிரைண்டரை நிறுத்தினான், கால் பக்கம் குனிந்தான், மூச்சைப் பிடித்துத் தூக்கினான். நட்டு வந்துவிட்டது. கூடவே கிரைண்டர் ஒரு பக்கம் சாய்ந்து, பாதி மாவு அவன் மார்பில் இறங்கியது.

"ஓரி தேவுடா!" என்றாள் வெங்கடலட்சுமி. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். வாய்வரை வந்த திட்டு அங்கேயே நின்றது. "போ போ, பரீட்சைக்கி நேரமாச்சி" என்று தன் முந்தானையாலேயே மாவைத் துடைத்துவிட்டு அனுப்பினாள். துடைத்ததில் மாவு சட்டை முழுக்கச் சமமாகப் பரவியது.

கல்லூரிக்கு வந்ததும் பென்னி லேபுக்கு ஓடினான். நட்டைக் கழுவி, போல்ட்டின் மேல்முனையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுண்டினான். மாப்பிள்ளை ஊர்வலம் எல்லாம் போயிற்று. நட்டு லொடலொடவென்று ஆடிக்கொண்டே இறங்கி 'டொக்'கென்று அடியில் முட்டியது.

சிட்டிபாபு சார் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை "ம்" கூட இல்லை. மைக்ரோமீட்டரை மட்டும் நகர்த்தி வைத்தார். அழுவதற்கு நேரமில்லாததால் பென்னி அளந்தான். எங்கெங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு இடமாக அளந்துகொண்டு உள்ளே போனான்.

கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் யமுனா. வேலூர்ப் பக்கத்துக்காரர், புனேயில் மேனேஜர். மேசை மேல் மற்ற பையன்களின் பொருள்கள் பளபளவென்று வரிசையாக இருந்தன. பென்னி தன்னுடையதை வைத்தான். மாவு வாசனை அறை முழுக்க வந்தது.

யமுனா நட்டைச் சுண்டினார். டொக்.

"இதான் நீ செஞ்சதா?"

"செஞ்சப்போ இப்பிடி இல்ல மேடம்."

"என்ன ஆச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தான். இந்த உண்மையைவிட நம்புகிற மாதிரி ஒரு பொய் அவனுக்குக் கிடைக்கவில்லை. கத்திரிக்காய், ஏலம், பட்டுப்புழு, குங்குமம், உப்புத்தாள், கிரைண்டர் எல்லாவற்றையும் சொன்னான். யமுனா பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்துவிட்டு, சட்டென்று கேட்டார்.

"சரி, தப்பு போல்ட்லயா, நட்லயா?"

"போல்ட்ல மேடம். நட்டு கிரைண்டருக்குக் கீழதான் இருந்திச்சி, உள்பக்கம் யாரும் தொடல. போல்ட்லயும் நடுவுல மட்டும் ஜாஸ்தி தேஞ்சிருக்கு. நைனா ஒரே எடத்துல ஒக்காந்து தேச்சாரு."

"எவ்வளவு?"

சொன்னான். யமுனா அளந்து பார்த்தார். சரியாக இருந்தது.

"இப்ப இத நீ என்ன பண்ணுவே?"

"தேஞ்சத வளக்க முடியாது மேடம். இந்த போல்ட்லயே இன்னும் கொஞ்சம் சீவி, ஒரே சீரா ஆக்கிட்டு, அதுக்கேத்த மாதிரி வேற நட்டு செய்வேன். ஒரு நாள் குடுத்தா செஞ்சிருவேன்."

யமுனா கொஞ்ச நேரம் நட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "எல்லாரும் நல்லா இருக்கறதக் கொண்டாந்து காட்டினாங்க. எங்க ஃபாக்டரியில தினமும் எனக்கு வர்றது கெட்டுப்போனதுதான். அத எடுத்துக்கிட்டு வந்து, எங்க கெட்டுச்சி, எப்படி சரி பண்றதுன்னு சொல்ல எனக்கு ஆள் இல்ல" என்றார். "அடுத்த மாசம் புனே வந்துரு. சட்டைய மட்டும் மாத்திக்கிட்டு வா."

பென்னி வெளியே ஓடிவந்து அப்பாவை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். மாவு அவர் சட்டையிலும் ஒட்டியது.

"நைனா! வேலை கெடைச்சிருச்சி! எல்லாம் உன்னாலதான்!"

"என்னாலயா?" என்றார் ஏசுரத்தினம்.

"நீ மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலன்னா, பத்தோட பதினொண்ணு அத்தோட இது ஒண்ணுன்னு அனுப்பியிருப்பாங்க. நீ தேச்சதாலதான் எடுத்தாங்க!"

ஏசுரத்தினம் வண்டிச் சாவியை ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போட்டார். பிறகு மகன் தலையைத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. அப்பாவுக்குத் தன்மேல் இத்தனை பெருமையா என்று பென்னி நினைத்துக்கொண்டான்.

"புனேலயேதானா? ரேணிகுண்டால அவங்களுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல, நைனா."

"சரி. சந்தோஷம்டா" என்றார். வழியில் அவராகவே பங்க்கில் நிறுத்தி டேங்க் நிறைய பெட்ரோல் போட்டார்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு ஜெபமணி கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள். பாஸ்டர் பென்னியை முன்னால் அழைத்து ஜெபித்தார். எல்லாரும் கை குலுக்கினார்கள். ஏசுரத்தினம் மட்டும் ஆராதனை முடிந்ததும் வெளியே போய், ஏற்கெனவே துடைத்த வண்டியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பென்னி மணிக்கயிற்றுப் பக்கம் போனான். ஆரோன் தரையில் விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாணா நீ" என்றான் சிரித்துக்கொண்டே. "எங்கம்மா கண்ணு தெரியாம கூடைல போட்டுச்சி, சரி. நீ வேற ஜோடியப் பிரிச்சி, ஒண்ண மேக்கால ஒண்ண கெழக்கால வித்துட்டியே. எங்க நைனா பாவம், என்கூட எப்பிடி அலைஞ்சாரு தெரியுமா?"

ஆரோன் பாயைக் கீழே வைத்தார்.

"உங்கம்மா எங்க தம்பி போட்டாங்க? மொத மணி அடிக்கறதுக்கு முந்தியே உங்க நைனாதான் அத்தக் கொண்டாந்து, கையோட நட்டக் கழட்டி என்கிட்ட குடுத்து, 'ரெண்டையும் தனித்தனியா, எட்டக் கீற ஊர்க்காரங்களாப் பாத்து தள்ளிவுடு ஆரோன், எம் புள்ள தேடிப் புடிக்கக்கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு."